துணைக்கு யாரும் வரவில்லை: நெல்லையில் ஓர் அறையும் கொற்கைக்கு ஓர் ஆட்டோவும்

அரையாண்டு விடுமுறையில் நான் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய் வந்தேன். "தனியாக" என்ற சொல்லை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. திருச்சியில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. இதற்கு முன் பல ஊர்கள் போயிருக்கிறேன், ஆனால் எல்லாமே யாராவது ஒருவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனவை. இந்த ஊர் மட்டும்தான் நானே போன ஊர். எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடம்கூட எனக்குச் சந்தோஷம் அடங்கவில்லை.

ஏன் திருநெல்வேலி என்று கேட்டால், கொற்கைக்காக. பல வருடங்களாகக் கொற்கை முத்தையும் பாண்டியர் துறைமுகத்தையும் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளாவது அந்த மண்ணில் நின்றுவிட்டு வந்து பேசலாமே என்று தோன்றியது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எங்கேயாவது சிக்கல் என்றால் உடனே சொல்ல வேண்டும், தம்பி அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிடுவான். ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை.

திருச்சியிலிருந்து இரவு ரயில், படுக்கை வகுப்பு. விடியும்போது நெல்லை சந்திப்பு. பார்வையில்லாதவர்கள் சலுகைச் சான்றிதழை மறக்க வேண்டாம், கட்டணம் பெருமளவு குறையும். கீழ்ப்படுக்கையும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எதிர் இருக்கையில் வந்த ஒரு பெண் என்னை ஆட்டோ நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே ஓட்டுநர் அவரிடம் கேட்டார்: "இவங்க எங்கன போகணும்?"

இது எனக்குப் பழகிய வாக்கியம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் சொல்லிக் கொடுக்கிறேன் இல்லையா, நான் வெளியே கிளம்பினால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் படர்க்கைதான். "இவங்களுக்குக் காப்பியா டீயா", "இவங்க மாடி ஏறுவாங்களா". நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

"நான் ரயிலடிக்குப் பக்கத்துல ஹோட்டலுக்குப் போகணும்" என்றேன், "நான்" என்பதைக் கொஞ்சம் அழுத்தி. அவர் பெயர் மைதீன். மேலப்பாளையத்துக்காரர், அறுபதை ஒட்டிய குரல். பாய் என்று கூப்பிடட்டுமா என்றேன். "பாய்னாலும் திரும்புவேன், அண்ணாச்சின்னாலும் திரும்புவேன்" என்றார். அண்ணாச்சி என்றே வைத்துக்கொண்டேன்.

இணையத்தில் பதிவு செய்திருந்த ஹோட்டலில் வரவேற்பு மேசை வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு மேசைக்குப் பின்னாலிருந்தவர் கேட்டார்: "கூட ஆள் வரலையா மேடம்?"

"இல்லைங்க. ஒருத்தருக்குத்தான் பதிவு பண்ணியிருக்கேன்."

"துணை இல்லாம ரூம் கொடுக்க மாட்டோம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"

"நீங்க விழுந்தா யார் பதில் சொல்வாங்களோ அவங்களேதான்."

அவர் சிரிக்கவில்லை. பதிவை ரத்து செய்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பையோடு வாசலுக்கு வந்து நின்றேன். அப்போது பார்த்து அம்மாவின் அழைப்பு. பொய் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அம்மா உடனே, "தம்பியைக் கிளம்பச் சொல்றேன்" என்றார். "மதியம் வரைக்கும் டைம் குடும்மா. அதுக்குள்ள அறை கிடைக்கலைன்னா நீ சொல்றதைக் கேக்கறேன்" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மைதீன் அண்ணாச்சி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "எங்க வீட்டுக்கு வாங்க. பொண்டாட்டி இருக்கா, மருமவ இருக்கா. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அண்ணாச்சி, வீட்டுல இருக்கணும்னா நான் திருச்சியிலேயே இருந்திருப்பேனே. எனக்கு ஹோட்டல்லதான் தங்கணும். சாவி என் கையில இருக்கணும்."

என் பையை வாங்கி வண்டியில் வைத்தார். "நியாயந்தான். ஏறுங்க" என்றார்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு நடுத்தர ஹோட்டல். மேலாளரின் பெயர் சங்கரலிங்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விபூதி வாசனை, சற்றே கரகரத்த குரல். அவரும் என் பக்கம் பேசவில்லை. "மைதீன், இவங்க எத்தனை நாள் தங்குதாங்க? கூட யாரு?"

அண்ணாச்சி சொன்னார்: "என்கிட்ட ஏன் வே கேக்கீரு? அவங்க வாய் என்கிட்டயா இருக்கு? அவங்களையே கேளும்."

காலையில் ரயிலடியில் அதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்ட மனிதர் இவர். எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது. மேலாளர் தொண்டையைச் செருமினார். நாற்காலி நகர்ந்தது, எழுந்துவிட்டார் போல. பிறகு குரல் நேராக என் முகத்துக்கு வந்தது.

"மன்னிக்கணும்மா. எத்தனை நாள் தங்குதிய?"

"மூணு நாள். நான் மட்டும்தான்."

"தாராளமா தங்குங்க."

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், குளிர்சாதனம் இல்லாத அறை, முதல் மாடி. மேலாளரே வந்து அறையைக் காட்டினார். கதவிலிருந்து கட்டில் எத்தனை எட்டு, கண்ணாடி டம்ளர் எங்கே, குளியலறையில் எந்த இடம் வழுக்கும் என்று எல்லாம் சொன்னார். கீசர் சுவிட்சில் என் விரலை வைத்து, "இந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா தண்ணி சூடாகுதுன்னு அர்த்தம்" என்றவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் சுவிட்சைப் போட்டுவிட்டு, "இருங்க, பைய கேளுங்க" என்றார். கேட்டோம். மெல்லிய ரீங்காரம் ஒன்று வந்தது. இத்தனை வருடம் இங்கே வேலை பார்க்கிறேன், இந்தச் சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று ஆச்சரியப்பட்டார்.

அவர் போனதும் கதவைத் தாழிட்டேன். கட்டிலில் குறுக்காகப் படுத்தேன். பிறகு மறுபக்கம் குறுக்காகப் படுத்தேன். கேட்க யாருமில்லை. அம்மாவுக்கு அறை எண்ணைச் சொன்னேன். "தாழ்ப்பாள் கெட்டியா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "சரி, தம்பி இங்கேயே இருக்கட்டும்" என்றார். அம்மாவிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மறுநாள் காலை கொற்கை. அண்ணாச்சியின் ஆட்டோவையே நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டேன், ஆயிரத்து எழுநூறு. போக வர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரம் ஆட்டோவா என்று கேட்பீர்கள். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் எனக்கு ஊரே கிடையாது. ஆட்டோவில் வாழைத்தோப்பின் ஈரக்காற்று, செங்கல் சூளைப் புகை, வாய்க்காலில் துணி துவைக்கும் சத்தம், எல்லாம் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும்.

கிளம்பும்முன் கைப்பேசியின் குரல் உதவியாளரிடம் கொற்கைக்கு வழி கேட்டேன். "அருகிலுள்ள கோழிக்கறிக் கடைகள்" என்று ஆரம்பித்தது. இரண்டாவது முறை றகரத்தை அழுத்திச் சொன்னேன். இன்னும் நல்ல கோழிக்கறிக் கடைகளைச் சொன்னது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "இந்த மிஷினுக்கும் எனக்கும் ஆகாது டீச்சர்" என்றார்.

அவர் மகள் கனடாவில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் இவரும் மனைவியும் அங்கே நான்கு மாதம் இருந்தார்கள்.

"வீட்டுக்கு அடியில ஒரு அறை. அதுக்குள்ள அடுப்பு மாதிரி ஒண்ணு எரியும். தரையில சல்லடை போட்டிருப்பான், அது வழியா சூட்டுக்காத்து வரும். நான் சாரத்தை, அதான் கைலியை, கட்டிக்கிட்டு அது மேல போய் நிப்பேன். பலூன் மாதிரி உப்பிரும்" என்றார். "எம்மவ ரொம்பச் சத்தம் போடுவா."

"நல்ல வசதிதானே அண்ணாச்சி?"

"வசதிதான். ஆனா அதைக் கூட்டக் குறைக்க வாயால சொல்லணும். எம்மவ சொன்னா கேக்குது, மருமவன் சொன்னா கேக்குது. பகல்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. நானும் எம்பொண்டாட்டியும் குளிருல கெடந்து, 'சூடு வைய்யி, கொஞ்சம் சூடு வைய்யி'ன்னு செவத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருப்போம். அது வாயே திறக்காது. நாலு மாசம் வாயில்லாதவன் மாதிரி இருந்தேன். இப்ப மவ முழுகாம இருக்கா, வாப்பா வாங்கன்னு கூப்பிடுதா. உம்மாவை மட்டும் அனுப்புதேன்னு சொல்லிட்டேன்."

பேரப்பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு ஒரு சூடேற்றிக்குப் பயந்து போகாமலிருக்கிறார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

இந்தக் குரல் உதவியாளர்களோடுதான் என் நாள் முழுக்க ஓடுகிறது, அவற்றின் குணம் எனக்குத் தெரியும். மரியாதை, கெஞ்சல், "கொஞ்சம்" எதுவும் அதற்கு வேண்டாம். முதலில் அதன் பெயர், ஒரு சின்ன இடைவெளி, பிறகு பொருள், எண். வினைச்சொல்லே இல்லாவிட்டாலும் பல நேரம் பரவாயில்லை. என் கைப்பேசியை ஆங்கிலத்துக்கு மாற்றி அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். "டெம்பரேச்சர், ட்வென்டி த்ரீ" என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

முதல் தடவை வானிலை அறிக்கை வந்தது. இரண்டாம் தடவை அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார், பதிலே இல்லை. மூன்றாம் தடவை பைய, நிறுத்திச் சொன்னார். கைப்பேசி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

"என்ன சொல்லுது? திட்டுதா?"

"சூடேத்துற கருவி எதுவும் இதோட சேர்க்கலைன்னு சொல்லுது. நீங்க சொன்னது அதுக்குப் புரிஞ்சிடுச்சு அண்ணாச்சி."

கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரவில்லை. ஆழ்வார்திருநகரி வரும் வரை ஒரு கையில் வண்டி ஓட்டிவிடுவாரோ என்று பயந்து நானே பிடுங்கிக்கொண்டேன். ஆனாலும் வாயால் சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

ஆழ்வார்திருநகரி கோவிலுக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கோவிலுக்குள் எல்லாரும் கும்பிடும் பழைய புளியமரம் ஒன்று இருக்கிறது, அதைத் தொட முடியாது. ஆனால் நீண்ட கல் மண்டபத்தில் கைத்தடியை ஒருமுறை தட்டிப் பாருங்கள். சத்தம் போய்த் திரும்பி வருவதிலேயே மண்டபத்தின் நீளம் தெரியும். நான் மூன்று முறை தட்டினேன்.

அங்கேயிருந்து ஏரல் வழியாகக் கொற்கை. ஊர் மிகச் சிறியது. நீங்கள் துறைமுகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள், கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அண்ணாச்சி இறங்கியதும், "அங்கன பாருங்க டீச்சர்" என்றார். உடனே "ச்சே" என்று தன்னையே கடிந்துகொண்டார். கடிகாரத் திசையைச் சொல்லிக் கொடுத்தேன்: எனக்கு நேர் எதிர் பன்னிரண்டு, வலது கை மூன்று, இடது கை ஒன்பது. சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு மணிக்கு ஒரு குளம். ரெண்டு மணிக்கு மாடு நிக்கி. நாலு மணிக்கு அதோட கன்னு."

பக்கத்தில் யாரோ மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். "ரெண்டு மணிக்கா? இப்பமே நிக்கே வே" என்றது ஒரு குரல். அந்த விவசாயிக்கு விளக்கிச் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவரே என்னை வன்னி மரத்தடிக்குக் கூட்டிப்போனார். மிகப் பழைய மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தேன். பட்டை வெடித்து, பிளந்து, ஒரு விரல் முழுதாக உள்ளே போகும் அளவுக்குப் பள்ளங்கள். சில இடங்கள் பலர் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகியிருந்தன. பாடத்தில் வரும் கொற்கை எனக்கு இத்தனை நாள் ஒரு சொல்லாகத்தான் இருந்தது. அதற்கு இப்போது ஒரு சொரசொரப்பு வந்துவிட்டது. அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மரத்தடியில் நிற்கும்போது அண்ணாச்சி சற்றுத் தள்ளிப் போய் மகளுக்குக் குரல்செய்தி அனுப்பினார். காதில் விழுந்தது: "மவளே, உம்மாவோட வாப்பாவும் வாரேன். மிஷின்கிட்ட பேசப் படிச்சிட்டேன், இன்ஷா அல்லாஹ்."

இனி, இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்குக் கொஞ்சம். அறையைப் பதிவு செய்ததும் ஹோட்டலை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, "எனக்குப் பார்வை இல்லை, தனியாக வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். மறுப்பவர்கள் அப்போதே மறுக்கட்டும், அதிகாலையில் பையோடு நிற்க வேண்டாம். சட்டம் நம் பக்கம்தான், ஆனால் இரவு ரயிலில் வந்த உடம்புக்கு முதலில் அறை வேண்டும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்றக் காது தெருச் சத்தத்துக்கு. கைப்பேசிக்குப் பவர் பேங்க் கட்டாயம். டிசம்பரில் இங்கே எப்போது வேண்டுமானாலும் மழை பிடிக்கும், கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளுங்கள். அல்வாவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நான் அரைக் கிலோ வாங்கினேன் என்பதோடு விடுகிறேன்.

மூன்றாம் நாள் மாலை, திருச்சி வண்டிக்காகச் சந்திப்பில் உட்கார்ந்திருந்தேன். கைத்தடியை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். அவசரமான காலடியும் கூடவே பாத்திரங்கள் உரசும் சத்தமும் என்னெதிரே வந்து நின்றன.

"யக்கா, திருச்செந்தூர் வண்டி எங்கன நிக்கி?"

என்னைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. அறிவிப்பு அப்போதுதான் வந்திருந்தது.

"மூணாவது பிளாட்பாரம். உங்க இடதுகைப் பக்கம் படிக்கட்டு இருக்கு, அதுல ஏறி இறங்குங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, பைய போங்க."

"நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் படிக்கட்டை நோக்கி ஓடினார். ஓட்டம் சரியான திசையில்தான் போகிறது என்று காதால் கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.