கழற்றி வைத்த கழுத்துப்பட்டை

நாய் இருந்த பதினோரு ஆண்டுகளும் என் டைரியின் கடைசிப் பக்கங்களை அதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். சித்திரை வெயிலில் தண்ணீர்ச் சட்டியை எத்தனை மணிக்கு நிழல் மாற்றி வைப்பது, ஐப்பசி மழையில் படுக்கைச் சாக்கை எப்போது உலர்த்துவது, தீபாவளிக்கு எந்த அறையில் அடைத்து ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைப்பது என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. எழுபதுகளின் கடைசியில் வந்த அந்த ஆனி மாதம்வரை மாங்கனித் திருவிழாவுக்கு மட்டும் குறிப்பு இல்லை.

ஆனி பிறந்தால் வாசற்கதவை எந்நேரமும் பூட்டியே வைப்பேன். திருவிழாவுக்குக் கூட்டம் வருமுன் தெருநாய்களைப் பிடிக்க நகராட்சியின் கூண்டு வண்டி சுற்றும். இரண்டு பேர் கம்பிச் சுருக்குக் கழிகளோடு கூடவே நடப்பார்கள். நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் பெரியவர்கள் அப்போதும் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பதிவு செய்து வாங்கிய தகர வில்லை கழுத்தில் இருந்தால் அது வீட்டு நாய். இல்லாவிட்டால் தெருநாய்தான். எங்கள் நாயின் வில்லையை நானே கெட்டித் தோல் பட்டையில் வைத்துத் தைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

அம்மையார் திருக்கல்யாணத்தன்று நெடுங்காட்டிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். மறுநாள் சுவாமி வீதியுலா வரும்போது எங்கள் வாசலில் மாம்பழம் வைத்துப் படைப்போம். அதற்காக முந்தின நாளே வீட்டைக் கழுவிவிடுவோம். கழுவிய பிறகு தோல் பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. செருப்பு, பெல்ட், என் பர்ஸ் எல்லாம் கொல்லைப்புற வாளிக்குப் போய்விடும்.

அக்காவின் கண் நாயின் கழுத்தில் விழுந்தது.

“அது மட்டும் என்ன, வாழநாரா? கழட்டுடா.”

“வில்லை இருக்குக்கா அதுல.”

“வில்லைய எவன் வேணாங்கிறான்? தோலத்தான் வேணாங்கிறேன். வாசக்கதவு பூட்டித்தானே இருக்கு? வருசம் பூரா உன் நாய்க்குப் பஞ்சாங்கம் எழுதுறே, ஒரு நாள் சாமிக்காகக் கழட்ட மாட்டியா?”

கழற்றினேன். வில்லையைப் பிரித்தெடுத்து ஒரு கயிற்றில் கட்டியிருக்கலாம். தையலைப் பிரிக்க மனம் வரவில்லை. என் தையலின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

பதினொரு மணிக்குக் கோயில் பக்கம் அதிர்வேட்டு வெடித்தது. அடுத்தடுத்து மூன்று. பால்காரருக்காக யாரோ திறந்த வாசற்கதவு சாத்தப்படாமல் இருந்தது. கொல்லையிலிருந்து நான் ஓடி வந்தபோது வாசலில் நாய் இல்லை.

சைக்கிளில் கடற்கரைச் சாலை வரை போய்ப் பெயர் சொல்லிக் கத்தினேன். மேளத்திலும் ஒலிபெருக்கியிலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூண்டு வண்டி மீன் கடைப் பக்கம் போனதாக ஒரு வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நான் தேடியது நாயை அல்ல, வண்டியைத்தான். கடைசியில் அது நகராட்சிக் கொட்டகை வாசலில் காலியாக நின்றிருந்தது. அப்போது மணி இரண்டரை.

உள்ளே கம்பி அடைப்புக்குள் பதினைந்து நாய்கள் இருந்தன. எங்கள் நாய் மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. திரும்பவில்லை.

காவலுக்கு இருந்தவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

“நம்ம நாயிங்களா? வில்லை எங்கங்க?”

“வீட்டுல இருக்குங்க.”

“வீட்டுல இருந்தா அது வீட்டக் காக்கும். நாய எப்டிங்க காக்கும்?” சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “நாலு மணிக்கு விஷ ஊசி போட ஐயா வந்துருவாரு. அதுக்குள்ள வில்லையோட வாங்க. நம்பர் பேரேட்டுல இருந்தா தொறந்து வுட்டுர்றேன். வெறுங்கையோட வந்தா என்னால ஆவாதுங்க.”

கோயில் தெருவில் சைக்கிளை உருட்டக்கூட வழியில்லை. ஏதோ ஒரு பூக்கடையில் அதைச் சாய்த்துவிட்டு ஓடினேன். வேட்டி இரண்டு முறை காலில் சிக்கியது. கொல்லை வாளியைக் கவிழ்த்துப் பட்டையை எடுத்தபோது அக்கா பின்னால் நின்று, “கெடச்சுதாடா? உசுரோட இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

திரும்பியபோது நாலடிக்கப் பத்து நிமிடம். கொட்டகை வாசலில் ஒரு ஜீப் நின்றது. காவல்காரர் பேரேட்டில் விரலை வைத்து நம்பரைத் தேடிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் கடந்தபாடில்லை.

“இருக்குங்க. தூக்கிட்டுப் போங்க.”

அடைப்புக்குள் குனிந்து நாயைத் தூக்கினேன். சிறுநீரில் நனைந்திருந்தது, உடல் முழுக்க நடுங்கியது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற கறுப்பு நாயைக் கவனித்தேன். அதன் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து வெளுத்திருந்தது. வருடக்கணக்காகப் பட்டை கிடந்த தடம்.

“இதுவும் வீட்டு நாயிங்க. பாருங்க கழுத்த.”

“பாத்தேங்க. திருவிழா வந்தா இப்டி நாலஞ்சு வரும். எல்லா வீட்டுலயும்தானே தோலக் கழட்டி வைக்கிறாங்க.” அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “யார் வூட்டுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. ஊரில் எத்தனையோ தெருக்கள், அத்தனையிலும் கழுவிய வீடுகள். உள்ளே ஜீப்பில் வந்தவர் கைகழுவும் சத்தம் கேட்டது. கறுப்பு நாய் வாலை மெல்ல ஆட்டியபடி என்னையே பார்த்தது. தன்னை அழைத்துப்போக வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

என் நாயைத் தோளோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாலடிக்கும் முன் அந்தத் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.