பஸ்ஸால இறங்கின ரெண்டு பேர்

இண்டைக்கு இஞ்ச கனடாவில, பார்க் எக்ஸ்டென்ஷனில மரக்கறி வாங்கப் போன இடத்தில கடைக்கார அண்ணை, "மெக்சிக்கோப் பயணம் எப்பிடி? படம் இருந்தாக் காட்டுங்கோ" எண்டார்.

என்ர மனுசனும் சந்தோசமாய் போனை நீட்டினார். பழைய பட்டினங்கள், மஞ்சள் அடிச்ச தேவாலயங்கள், மாயன் ஆக்களின்ர இடிஞ்ச கோபுரங்கள். அண்ணை ஒவ்வொண்டாய்த் தள்ளித் தள்ளிச் சிரிச்சார்.

பேந்து அந்தப் படம் வந்தது.

கோபுரங்கள் பாக்கப் போற வழியில ஆமிக்காரர் எங்கட ரூர் பஸ்ஸை மறிச்சவங்கள். ஒருத்தன் ஏறிச் சும்மா எட்டிப் பாத்தான். ஆரையும் இறங்கச் சொல்லேல்லை. மற்ற ஆக்கள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை.

நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிட்டம்.

பின் சீட்டில இருந்த ஒரு அம்மா அதைப் பகிடியாய்ப் படமெடுத்து எங்களுக்கும் அனுப்பினவ. கதவுக்கு அங்கால இவர், பாஸ்போட்டை நீட்டினபடி. இஞ்சால நான், பையைத் திறந்து நிலத்தில வைச்சிட்டு.

அண்ணை படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தார். சிரிக்கேல்லை.

"ஊரில ஆமிச் சென்றியில சோதனைக்கு நிண்டமாதிரியே. ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் ஒரு பக்கம். பிழையில்லாமல்தான் நிண்டிருக்கிறியள்."

போனைத் திருப்பித் தந்திட்டு வெண்டிக்காயை நிறுத்தார்.

இவர் நீட்டினது கனடாப் பாஸ்போட்தான். காலுக்கு அது தெரியேல்லை.

இந்தப் பதிவுக்குக் கீழ சிரிக்கிற எமோஜி போட முதல் உண்மையைச் சொல்லுங்கோ: நீங்கள் சீட்டிலயே இருந்திருப்பியளோ?