மைக் அக்காவின் குரல்
பத்தொன்பது வருஷமாகப் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் வண்டிகளின் நேரம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு திங்கட்கிழமை காலை குரல் எழும்பவில்லை. எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீராகக் குடித்தும், இரண்டு வாரத்தில் கிசுகிசுப்புக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குறை எதுவும் தென்படவில்லை. இருமச் சொன்னார், இருமல் மட்டும் கணீரென்று வந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். விஷயம் நிலைய மேலாளர் காதுக்கு எட்ட, நடிக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் அவர். 'நான் நடிக்கவில்லை' என்று பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள் போலத்தான் மனநல மருத்துவரிடம் போனாள்.

அந்த அம்மாள் அவளைவிட வயதில் சிறியவர். நம்புகிறேன் என்றார். குரல் போவதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எழுதினாள். அடுத்த தடவையும் அதையே எழுதினாள். மூன்றாவது தடவைதான், யாருக்கோ நடந்தது போல, ஒரு வண்டி கவிழ்ந்ததை எழுதினாள். பிரேக் சரியில்லை, எடுக்க மாட்டேன் என்று ஓட்டுநர் மேலாளரிடம் சொன்னது அவளுடைய அறை வாசலில் நின்றுதான். மேலாளர் அதட்டி ஏற்றி அனுப்பினார். வண்டி புறப்படுகிறது என்று அறிவித்தவள் அவள். ஒன்பது பேர் மருத்துவமனையில். பழியை ஓட்டுநர் மேல் போட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் எதையும் சொல்லவில்லை என்று விசாரணையில் அவள் சொல்ல வேண்டுமாம். அது மேலாளரின் ஏற்பாடு.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதும் அவளே திகைத்தாள். மறைக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லை.

முன்பு எப்போதாவது உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டது உண்டா என்றார் மருத்துவர். புதுப் பக்கம் திருப்பி எழுதினாள். எட்டு வயதில், அப்பா அம்மாவை அடிப்பதை ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை வீட்டுக்கே வந்து நியாயம் கேட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மாவின் கை உடைந்தது. இனிமேல் வாயைத் திறக்காதே கண்ணு என்று மட்டும்தான் அம்மா சொன்னாள்.

"பொய் சொல்ல உங்களால முடியல. உண்மையச் சொன்னா யாருக்காவது அடி விழும்னு ஒரு பயம், உங்களுக்கே தெரியாம உள்ள கிடந்திருக்கு. அதான் மனசு குரலையே பூட்டிடுச்சு, உங்களக் காப்பாத்த," என்றார் மருத்துவர்.

"யாரக் கேட்டுப் பூட்டுச்சு?"

வெளியே பெஞ்சில் இருந்த தங்கை அலறியடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கரகரத்து உடைந்திருந்தாலும் அது அக்காவின் குரல்தான்.

"அப்பா மூடச் சொன்னாரு, அம்மா மூடச் சொன்னாங்க, மேனேஜர் மூடச் சொல்றாரு. இப்ப என் மனசும் அவங்களோட சேர்ந்துக்குமா? விடமாட்டேன்."

மறுநாள் குரல் மறுபடி போய்விட்டது. அப்புறம் வருவதும் போவதுமாக ஐந்து வாரம் பாடாய்ப் படுத்தியது. அவளும் விடவில்லை.

விசாரணையன்று, பாவம், பேச முடியாதவர் என்று மேலாளர் பரிவு காட்டி, தட்டச்சு செய்த வாக்குமூலத்தைக் கையெழுத்துக்காக நீட்டினார். அவள் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். முதல் இரண்டு சொற்கள் காற்றாகவே போயின.

"டிரைவர் சொன்னாரு, என் காதால கேட்டேன்," என்றாள். "கேட்டும் அறிவிப்பு செஞ்சேன். அதையும் எழுதிக்குங்க."

ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மேலாளர் மாற்றலாகிப் போனார். போகிற போக்கில் அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்குத் தள்ளிவிட்டுத்தான் போனார். குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, மைக் அறையைத் திருப்பிக் கேட்டு மூன்று மனு எழுதிவிட்டாள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்ற புது மேலாளரிடம், இருந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமைகளில் இன்னும் மருத்துவரிடம் போகிறாள். குரல்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று தங்கை கேட்டாள்.

"அப்பா செத்துப் பதினோரு வருஷமாச்சு," என்றாள் அக்கா. "அவர்கிட்ட இன்னும் பேசி முடிக்கல."