காலடி படாத நடைபாதை

பெங்களூர் ரோட்டோரம் மண் நடைபாதை போட வந்த அந்த மேஸ்திரியை நான் மறக்கவில்லை. தர்மபுரிப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலைக்காகத் தினமும் அந்த ரோட்டில் நடந்துபோவேன். காக்கி அரைக்கால் சட்டை, எண்ணெய் வழியும் கிராப்பு, கையில் எப்போதும் ஒரு விளக்குமாறு என்று அவர் நிற்பார். பாதையைக் கூட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, தன் காலடித் தடத்தையும் தானே அழித்துவிடுவார். இன்ஜினியர் துரை வந்து பார்க்கும்வரை எவரும் அதில் கால் வைக்கக் கூடாது.

வத்தல்மலையிலிருந்து புளிக்கூடையோடு சந்தைக்கு வந்த ஒருத்தி, ரோட்டுச் சல்லி குத்துகிறதென்று பாதையில் ஏறினாள்.

"எறங்கும்மா. காலெல்லாம் சேறு. பாதை கெட்டுப்போவும்."

"நடக்கத்தானுங்களே போட்டிருக்கு?"

"நடக்கத்தான். இப்ப நடக்கக் கூடாது."

அந்த 'இப்ப' இரண்டு மாதம் நீடித்தது. மோட்டார் வந்தால் நாங்கள் பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் குதிப்போம்.

ஒருநாள் துரை வந்தார். பூட்ஸோடு பாதையில் ஏறி நின்று இருபுறமும் பார்த்தார்.

"ஒரு காலடிகூட இல்லையே. ஆள் நடக்காத இடத்தில் பாதை எதற்கு? சல்லி கொட்டி வைக்கலாம்" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் செத்துவிட்டது. கூடையோடு எதிரே வந்த அதே பெண்ணிடம் ஓடினார்.

"கொஞ்சம் மேல ஏறி நடம்மா."

"காலெல்லாம் சேறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சல்லியிலேயே நடந்து போனாள்.

துரையின் கார் கிளம்பியது. மேஸ்திரி விளக்குமாற்றை எடுத்துத் துரையின் பூட்ஸ் தடத்தைக் கூட்ட ஆரம்பித்தார். அதற்குமேல் யாருக்காகக் கூட்டினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.