பழிப்பு காட்டிய லேப்டாப்

நண்பன் எடுத்த குறும்படத்துக்கு நான்தான் இசை. அதில் ஒரு பாட்டை அம்மா பாடட்டும் என்று அவனிடம் நானே கேட்டு வாங்கியிருந்தேன். பீங்கான் கம்பெனியில் ஈர ஸ்பான்ஜால் கோப்பை விளிம்பைத் தேய்க்கும்போது அம்மா தானாகக் கட்டிப் பாடுகிற பாட்டு அது. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு. அன்றைக்கே பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடினாள். நிறுத்திவிட்டாள்.

"யார்ரா என் பின்னாடியே பழிப்பு காட்டுறது?"

"உன் குரலுதாம்மா. மைக்ல போயி, லேப்டாப்புக்குள்ள சுத்திட்டு, கொஞ்சம் லேட்டா வருது."

"நான் பாடுறது எனக்கே லேட்டா வருமா?"

ஏன் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. செட்டிங்ஸில் 'பஃபர் சைஸ்' 256 என்று இருந்தது. ரயில் ஜங்ஷன் ஊர்க்காரனான எனக்கு பஃபர் என்றால் ரயில் பெட்டிகள் மோதாமல் நடுவில் தாங்குகிற இரும்பு. பெரிசாக இருந்தால் குலுங்காது என்று 1024 வைத்தேன். தாமதம் இன்னும் கூடிவிட்டது. இப்போது அம்மாவால் ஒரு வரிகூடத் தாண்ட முடியவில்லை.

"எனக்குத் தாளமே போச்சுடா. மெஷின் சத்தத்துல காதும் போயிருக்கும். நல்லா பாடுற பொண்ணா பாத்துக்க."

ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். லேப்டாப்பின் தப்பைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டாளே என்று பதறிவிட்டேன். "நம்ம வூட்லயே படிச்சவன் நீ ஒருத்தன். அந்தப் பெட்டிகிட்ட எடுத்துச் சொல்லேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

64 வைத்து, ஹெட்போனை மாட்டி நானே பேசிப் பார்த்தேன். தாமதம் குறைந்தது. ஆனால் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வெடித்தது. 128-இல் வெடிப்பு நின்றது, தாமதம் போகவில்லை. கழற்றிக் கட்டிலில் போட்ட ஹெட்போனின் நீல விளக்கு மினுக்கியது. அப்போதுதான் உறைத்தது. ஒயரே இல்லை, ப்ளூடூத்! அதற்கென்று தனியாக ஒரு தாமதம். பழைய போனின் ஒயர் இயர்போனைத் தேடி எடுத்து, அவள் குரல் அதில் திரும்பி வராமல் செட்டிங்ஸில் அணைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு காதுல மாட்டிக்க. அதுல தாளம் மட்டும் வரும். உன் குரல இன்னொரு காதால கேளு."

கடைசிவரை பாடினாள்.

போட்டுப் பார்த்தால் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வந்தது. இன்னும் தாமதமா? திரையில் குரலை முன்னால் இழுத்துத் தாளக் கோட்டில் நிறுத்தினேன். பாட்டின் உயிர் போய்விட்டது. பழைய இடத்தில் வைத்தால் நன்றாக இருந்தது. அதில் லேப்டாப்பின் தாமதம் எவ்வளவு, அம்மாவுடையது எவ்வளவு? தலை சுற்றியது. அம்மாவைக் கூப்பிட்டு, கோட்டில் நிறுத்தியதை முதலிலும் பழைய இடத்தில் இருந்ததை அடுத்தும் போட்டுக் காட்டினேன்.

"மொதல்ல போட்டதுல பஸ்ஸு புடிக்க ஓடுறேன். ரெண்டாவதுதான் நானு."

இரண்டாவதை அனுப்பினேன். அந்தத் தாமதக் கணக்கு இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"அப்ப தாளம் போவலதானே?" என்றாள் அம்மா.

"போவலம்மா."