கடை நம்பரில் பேசிய அண்டா

சீனாக்காரன் நம் வீடியோக்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பிளஸ் டூ வகுப்பில் கணக்கு வாத்தியார் பயமுறுத்தியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்க்கட்டுமே. அவனுக்கு என் பெரியத்தாவைத் தெரியுமா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் அத்தாவை வழிமறித்து, "உன் பொண்ணு இன்னா பண்ணிக்கினு இருக்கா தெரியுமா?" என்று கேட்பானா? என்னைக் கண்காணிக்க வெளிநாட்டுக் கம்பெனி எதற்கு? அந்த வேலைக்கு எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, சம்பளமில்லாமல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் அண்ணன் பெரியத்தா. அவருக்கு மூன்று பெண்கள். மூவரையும் பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார். நான் மட்டும் விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய் பி.எஸ்ஸி. படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா விடாமல் பேசியதில் அத்தா ஒருவழியாகத் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு புகார் வரட்டும். அன்னிக்கே காலேஜ் கட்."

புகார் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அத்தாவுக்குப் பெரியத்தா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியாது. "சரிங்கண்ணே" என்பது அவர் வாயிலேயே தங்கிவிட்ட வார்த்தை. இந்த நிலைமையில் புத்தியுள்ள பெண் வாயை மூடிக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பாள். நான் வீடியோ போட்டேன்.

அப்போது எங்கள் வயசுப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் அந்தச் சீனச் செயலிதான். எனக்கு அத்தா கழித்துப்போட்ட பழைய போன் ஒன்று, பாடம் படிக்கவென்று கிடைத்திருந்தது. அதில் சிம் கிடையாது; நெட்டுக்கு வீட்டில் அம்மா போனையும் கடையில் அத்தா போனையும் ஹாட்ஸ்பாட்டாக்கிக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத் தனி நம்பர் என்பது கல்யாணத்துக்கு அப்புறம் வரும் விஷயம். அதுவரை பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் கேஸுக்கும் அப்பாவின் கடை நம்பர்தான். செயலி நம்பர் கேட்டது. யோசிக்காமல் எங்கள் பாத்திரக் கடை நம்பரைக் கொடுத்தேன். அத்தா மதியம் லுஹர் தொழப் போயிருந்த நேரத்தில், கல்லாப் பக்கத்தில் கிடந்த போனில் வந்த ஓ.டி.பி.யைப் பார்த்துக்கொண்டு மெசேஜை அழித்துவிட்டேன். என் வகுப்பில் பாதிப் பெண்கள் இப்படித்தான் உள்ளே வந்திருந்தார்கள். செயலியின் கணக்குப்படி ஒருத்தி அரிசி மண்டி, ஒருத்தி டைலர் கடை, நான் பாத்திரக் கடை.

நம்பரைக் கொடுத்ததும் அது அனுமதி கேட்க ஆரம்பித்தது. கேமராவைத் திறக்கலாமா, மைக்கில் கேட்கலாமா, எங்கே இருக்கிறாய் என்று பார்க்கலாமா, உன்னை உனக்குத் தெரிந்தவர்களுக்குக் காட்டலாமா? எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்குப் போகக்கூட நான்தான் அனுமதி கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. முதல்முதலாக ஒருவன் கேட்டான், அதுவும் சீனாவிலிருந்து, இவ்வளவு மரியாதையாக. பூரித்துப்போய் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன்.

முகத்தைக் காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை. மாடியில், விற்காத சரக்கு போட்டுவைத்திருந்த அறையில் நெளிந்துபோன ஒரு பெரிய அண்டாவும் நசுங்கின ஒரு சொம்பும் இருந்தன. அவற்றை எதிரெதிரே நிறுத்தி, பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். அண்டா அதிகாரம் செய்யும், சொம்பு பணிந்துபோகும். அண்டாவுக்கு அப்படியே பெரியத்தாவின் குரல், அந்த மூக்குறிஞ்சலோடு. கல்யாண வீட்டுப் பிரியாணியில் கறி கம்மி, மூலை வூட்டுப் பெண் சிரிப்பது ஜாஸ்தி என்று அண்டா தீர்ப்பு சொல்லும். சொம்பு எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணே" என்று தலையை ஆட்டும். ஜனங்கள் சிரித்துக்கொண்டு பின்தொடர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைகால் புரியாத நேரத்தில்தான் டேக்சா வீடியோவைப் போட்டேன். டேக்சா என்பது பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரம். பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது என்று ஒன்று உண்டு. சீருக்கு வாங்கும் பாத்திரத்தில் கொடுப்பவரின் பேரைச் சின்ன மெஷினால் கொத்தித் தருவார்கள். ஊருக்கு அது தெரியும். ஊருக்குத் தெரியாதது, அதே பாத்திரம் சில மாதம் கழித்துப் பைக்குள் ஒளிந்து திரும்பி வரும் என்பது. "பாய், இந்தப் பேரைத் தேச்சு எடுத்துட்டு என் பேரைப் போட்டுடுங்க" என்று காதோடு சொல்வார்கள். அத்தா தேய்ப்பார், மெருகு போடுவார், புதுப் பேர் வெட்டுவார். யார் பாத்திரம் யார் வீட்டுக்குப் போனது என்று அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார்.

பெரியத்தா ஒரு நாள் அப்படித்தான் பிரியாணி டேக்சா ஒன்றைக் கொண்டுவந்தார். ரிஷிவந்தியத்தில் இருக்கிற அவருடைய மச்சான், பெரியத்தா மகள் கல்யாணத்துக்குச் செய்த சீர் அது. பெரியத்தா பேரை மாற்றி, அதே மச்சானின் மகள் கல்யாணத்துக்கே அதைச் சீராகக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர் டேக்சாவோடு கடைக்கு வந்த அன்று, அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் அலமாரிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். இப்படி ஒரு சரக்கு கையில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா?

"பழைய பேரைச் சுரண்டிட்டு என் பேரைப் போடு. பெருசா போடு," என்றது அண்டா.

"யாருக்குண்ணே சீர் செய்யப் போறீங்க?" என்றது சொம்பு.

"குடுத்தவனுக்கேதான்!"

"சரிங்கண்ணே."

அதுவரை போட்டதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று ஓடியது. நாலைந்து நாளில் வெள்ளிமலைக்கே ஏறிவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வாராவாரம் எங்கள் கடைக்கு வந்து மலை வீடுகளுக்கு அலுமினியக் குண்டான்கள் வாங்கிப்போவார். பரீட்சை முடிந்த சமயம், நான் கடையில் இருந்தபோது அவர் வந்து அத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், உங்களுக்குள்ள இவ்ளோ பெரிய கலைஞன் ஒளிஞ்சிக்கினு இருக்கறது தெரியாமப் போச்சே!"

அத்தா விழித்தார்.

"சும்மா நடிக்காதீங்க பாய். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்'னு போன்ல தானா வந்துச்சு. பாத்தா கடை நம்பர், பாத்திரக் கடை பாய்! கரியாலூர்ல ஏறுன டூரிஸ்டுங்களுக்கும் காட்டிட்டேன். மலையில பாதி வழியில சிக்னல் பூடும். அதுக்குள்ள ரெண்டு வாட்டி பாத்துடறாங்க."

கடை நம்பரை அத்தா வருடக்கணக்கில் மஞ்சப்பையில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தார். அதைப் பதிந்துவைத்த ஒவ்வொரு போனிலும் என் அண்டா அத்தாவின் பேரோடு போய் நின்றிருக்கிறது. குக்கர் வாங்கிய கணக்கு வாத்தியார் போனிலும் நின்றிருக்கும். ரகசியமாக ஓர் இடம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு, நான் கடை வாசலிலேயே மைக் வைத்துப் பேசியிருக்கிறேன்.

ஜீப்காரர் டேக்சா வீடியோவைப் போட்டு அத்தாவிடம் நீட்டினார். தன் சரக்கு அத்தாவுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். அண்டாவைக் கண்டதுமே அவர் பார்வை என் பக்கம் வந்துவிட்டது. முழுவதும் பார்த்தார். "சும்மா தமாஷுக்குப் போட்டதுங்க," என்று ஜீப்காரரிடம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, குண்டான்களைக் கட்டி ஏற்றி அனுப்பினார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தார். கடைக்கு வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொன்னார்.

"அண்டா அண்ணன்தானே?" என்றார் கடைசியில்.

"ஆமாத்தா."

"அப்ப சொம்பு யாரு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அத்தாவைப் பார்த்து ஊரையே சிரிக்கவைத்திருக்கிறேன், அதுவும் அவர் நம்பரிலேயே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னைய இன்னா வேணா சொல்லு, பரவால்ல," என்றார் அத்தா. "கடையில கேட்டத வெளிய சொன்ன பாரு, அதான் தப்பு. நம்மள நம்பித்தானே பையில மறைச்சி எடுத்துக்கினு வராங்க?"

சீனாக்காரனாவது கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டான். நான் ஒருவரையும் கேட்கவில்லை. இதை அத்தா சொல்லாமலே நானே புரிந்துகொண்டேன், ரொம்ப வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கணக்கை அழித்தேன். செயலி, ஏன் போகிறாய், நிஜமாகவே போகிறாயா என்று பலமுறை கேட்டுக் கெஞ்சியது. அடுத்த வருடம் அரசு அதையே தடை செய்து நாட்டைக் காப்பாற்றியது. அண்டாவும் சொம்பும் எந்தத் தேசத்துச் சர்வரில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றனவோ, தெரியாது.

அழித்து என்ன பயன்? டேக்சா வீடியோவை யாரோ இறக்கிக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள். ரிஷிவந்தியம் மச்சான் அதைப் பார்த்து, அண்டாவின் குரல் யாருடையது என்று கண்டுபிடித்திருக்கிறார். நேரே மகள் வீட்டுக்குப் போய் டேக்சாவைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறார். பெரியத்தாவின் பேருக்கு அடியில் தன் பேரின் முதல் எழுத்து லேசாகத் தெரிந்ததாம்.

மறுநாள் காலை பெரியத்தா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான் முன்னாடி என் மானமே பூட்ச்சு! யாருடா போட்டது?"

"நான்தாண்ணே," என்றார் அத்தா.

"நீயா? உனக்கு அந்தப் போனை ஆஃப் பண்ணவே தெரியாதுடா. இது உன் பொண்ணு வேலை. மொதல்ல காலேஜை நிறுத்து."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். புகார் வந்துவிட்டது, அதுவும் நியாயமான புகார். அத்தா வாயிலிருந்து அடுத்து என்ன வார்த்தை வரும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எத்தனை வீடியோவில் நானே அதைப் பேசியிருக்கிறேன்.

"கடை நம்பர், கடையில சொன்ன ரகசியம். அப்ப தப்பு என்னுதுதான்," என்றார் அத்தா. "மச்சான் கால்ல உழச் சொல்லுங்க, உழறேன். காலேஜ் அவளோடது. அதுல மட்டும் கை வெக்காதீங்கண்ணே."

பெரியத்தாவுக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை, இரண்டு முறை "இன்னா சொன்ன?" என்று கேட்டார். அத்தா இரண்டு முறையும் அதையே சொன்னார். பெரியத்தா திரும்பி நடந்தவர்தான், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பெருநாளுக்கும் வரவில்லை. அத்தா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதியம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் எனக்கு ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

காலேஜ் திறப்பதற்கு முந்தின நாள் அத்தா என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் போன் கடைக்குக் கூட்டிப்போனார். சிம் யார் பேரில் என்று கடைக்கார அக்கா கேட்டார். "அவ பேர்லயே போடுங்க," என்றார் அத்தா. என் ஆதார், என் விரல். நம்பர் வேலை செய்ய ஆரம்பித்ததும் வெளியே வந்து போனை என்னிடம் கொடுத்தார்.

"இனிமே இன்னா பேசறதா இருந்தாலும் உன் நம்பர்ல பேசு. யாரு வந்து கேட்டாலும் நீயே பதில் சொல்லு. நான் குறுக்க வரமாட்டேன்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்குப் பயமாக இருந்தது. அத்தா கடைக்குப் போனபிறகு நான் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்று, மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றை அழுத்தினேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன்.

"யாரு?" என்றார் பெரியத்தா. நம்பர் அவருக்குப் புதுசு.

என் பேரைச் சொன்னேன். "அண்டா பேசினது நான்தான் பெரியத்தா. அத்தா இல்ல."

அந்த மூக்குறிஞ்சல் மட்டும் கேட்டது. ஆனால் போனை வைக்கவில்லை. டேக்சா கதையை வெளியே சொன்னது என் தப்பு என்று தொடங்கி, நான் தொடர்ந்து பேசினேன்.