குஞ்சம் கட்டிய கத்தரிச் செடி

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசிச் சந்தையில் காய்கறிக்குக் கிராக்கி. அதை நம்பித்தான் அத்தை முதல் தடவையாகத் தனியாளாய்க் கத்தரித் தோட்டம் போட்டாள். அந்த வருஷம் நான் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். வயது ஒன்பது.

ஒரு நாள் காலை, ஐந்தாறு செடிகளில் இலைகள் சுண்டுவிரல் நகம் போலச் சிறுத்து, கொத்துக்கொத்தாக அடைந்திருந்தன. பூவுமில்லை, பிஞ்சுமில்லை.

"ஏட்டி, இதெல்லாம் காய்க்காது. வேரோட பிடுங்கி எரிச்சிரு. ஒண்ணுகூட நிக்கப்படாது, பாத்துக்க" என்றாள் அத்தை.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஓடி ஓடிப் பிடுங்கினேன். வாழை மறைவில் நின்ற கடைசிச் செடி மட்டும் கல்யாண மாலைக் குஞ்சம் போல அவ்வளவு அழகு. கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

அதைத் தட்டினால் இன்னும் வேடிக்கை. அரிசியைவிடச் சின்னப் பச்சைப் பூச்சிகள் தத்திப் பறந்து அடுத்த செடிகளில் உட்காரும். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு ஓடுவேன். எந்தப் பூச்சி அதிக தூரம் போகிறது என்று பந்தயம். வாயே திறக்காத பிள்ளை என்று பெயரெடுத்த நான், அங்கே மட்டும் கத்துவேன். ஒரு பூச்சி மூன்றாம் வரிசை தாண்டிய அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதத்தில், வாழைப் பக்கம் தொடங்கி வரிசை வரிசையாக இலைகள் சிறுத்தன. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வேலியோரம் வந்தார்.

"என்னம்மா, செடியெல்லாம் இப்படி ஆயிட்டு?"

"எல்லாம் உங்க கண்ணுதான் அண்ணாச்சி. அன்னைக்கு இங்கன நின்னு 'நல்லா வருதே'ன்னு சொன்னியளே!"

"எங் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா, எங்க மாமியா இன்னும் குத்துக்கல்லு மாதிரி இருப்பாளா?"

அத்தை சிரிக்கவில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்தினாள். மிச்சச் செடிகளாவது தப்பட்டும் என்று, மாமாவின் பழைய சட்டையில் திருஷ்டிப் பொம்மை கட்டினாள். மீசை வரைந்தது நான்தான்.

நோய்ச் செடியின் சாற்றைக் குடித்த பூச்சி, அடுத்த செடியைக் கடிக்கும்போது கிருமியை அதற்குள் விட்டுவிடும். இது பல வருஷம் கழித்து நானே கத்தரி போட்டு, பாதியைப் பறிகொடுத்த பிறகு, வேளாண்மை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மீசை வரைந்த கையோடு அன்றும் ஓடிப்போய்ச் செடியைத் தட்டினேன். ஒரு பூச்சி எழும்பிப் பறந்து, பொம்மையையும் தாண்டி, அத்தை கும்பிட்டுக் காப்பாற்றி வைத்திருந்த கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தது.

"அத்தே! சீக்கிரம் வாங்க, எவ்வளவு தூரம் போயிட்டுன்னு பாருங்க!" என்று குதித்துக் கைதட்டினேன்.